சதுரங்கத்தில் நமக்கேற்ற தொடக்கம் எது?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழாதவர் இல்லை. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படிக்கின்றனர். ஆயினும் புதிதாக வரும் கப்பற் தலைவன் அந்தப் புகழை மட்டும் நம்பி உள்ளே நுழைந்துவிடுவதில்லை. எந்த முனையை ஒதுக்க வேண்டும், எந்தத் தீவைச் சுற்ற வேண்டும் என்று அறிந்த வழிகாட்டி ஒருவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டே வருகிறான். சதுரங்கத்தின் தொடக்க ஆட்டங்களும் இத்தகையனவே. உலகப் புகழ் பெற்ற ஒரு தொடக்கம் ஆழமுடையதாய் இருக்கலாம். அதன் வாயிலில் வழி தெரியாதவனுக்கு அந்த ஆழத்தால் என்ன பயன்?

இப்பட்டினத்திலும், உவர்மலையிலும், சீனக்குடாவிலும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரிலும் சதுரங்கப் பலகையின் முன் அமரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "எல்லாவற்றிலும் சிறந்த தொடக்கம் எது?" என்பதே அது. எமது அபிப்பிராயத்தில் இவ்வினாவே பிழையானது. "வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டும் சதுரங்கத்துக்கு ஒதுக்கக்கூடிய எனக்கு, எந்தத் தொடக்கத்தின் எந்தக் கிளைவழி பொருந்தும்?" என்று கேட்டால் விடை கிடைக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மூன்று மணி நேரம் அற்பமானதன்று. அதை எதில் செலவிடுவது என்பது அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மெய்யான பிரச்சினையே ஆகும்.

மாணவன் ஒருவனைக் கற்பனை செய்து பார்ப்போம். சிசிலியன் தற்காப்பில் நைடோர்ப் என்னும் புகழ்பெற்ற கிளைவழியைக் கைப்பேசியில் பார்த்துப் பதினைந்து நகர்வுகள் வரை மனனம் செய்கிறான். இரவு முழுதும் பயணம் செய்து கொழும்பில் நடைபெறும் போட்டிக்குப் போகிறான். எதிரே அமர்ந்த சிறுமியோ இரண்டாம் நகர்விலேயே அவன் கண்டிராத ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறாள். மனனம் செய்த பதினைந்தும் அத்துடன் போயின. அவன் தோற்பது ஒருபுறமிருக்க, "எனக்கு ஞாபக சக்தி போதாது, சதுரங்கம் எனக்கு வராது" என்று பலகையையே மூடிவிடுகிறானே, அதுதான் வருத்தத்துக்குரியது. அவனுடைய ஞாபக சக்தியில் குறை ஒன்றும் இல்லை. இருவரும் ஒவ்வொரு நகர்வு செய்தவுடன் பலகையில் தோன்றக்கூடிய நிலைகள் 400. இருவரும் இரண்டிரண்டு நகர்வுகள் செய்வதற்குள் ஆட்டம் செல்லக்கூடிய வழிகள் 197,281. இவற்றுள் பெரும்பாலானவை அபத்தமானவை என்பது உண்மையே. எனினும் சங்க மட்டத்தில் ஆடும் எதிராளி, புத்தகம் அபத்தம் என்று ஒதுக்கிய வழியிலேயே வந்து நிற்பான்!

சென்னையிலிருந்து சென்ற கடிதங்கள்

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே பிரச்சினையைச் சென்னையில் இருவர் மிக நேர்த்தியாகக் கையாண்டனர். 1828, 1829ஆம் ஆண்டுகளில் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே தபால் மூலம் இரண்டு ஆட்டங்கள் கொண்ட ஒரு போட்டி நடந்தது. சென்னையின் சார்பில் ஆடியவர்களுள் ஒருவர் குலாம் காசிம் என்பவர். அவரும் சென்னை சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்ரேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து, 1829இல் சென்னையிலேயே ஒரு நூலை வெளியிட்டனர். முசியோ காம்பிட் என்னும் ஒரே ஒரு கிளைவழியின் ஆராய்ச்சியும் அந்தப் போட்டியின் இரண்டு ஆட்டங்களுமே அந்நூலின் பொருள். தனியொரு தொடக்கத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்த நூல்களுள் இது மிகப் பழையவற்றைச் சேர்ந்தது.

காம்பிட் என்பது ஒரு காயைப் பலியாகக் கொடுத்து வேகத்தை வாங்கும் முறை. இங்கே வெள்ளை முதலில் ஒரு சிப்பாயைக் கொடுக்கிறது. கறுப்பு அதை எடுத்துக்கொண்டு, இன்னொரு சிப்பாயை முன்னே தள்ளி வெள்ளைக் குதிரையைத் துரத்துகிறது. குதிரையை நகர்த்தாமல் அதையும் வெட்டக் கொடுத்துவிட்டு வெள்ளை கோட்டை கட்டினால் அது முசியோ. கோட்டை கட்டாமல் இராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நடத்தினால் அதற்குக் குலாம் காசிமின் பெயரே இன்றும் வழங்குகிறது. ஒரு சிப்பாயுக்காக அன்று, ஒரு முழுக் குதிரைக்காக வேகம் வாங்கும் துணிகர ஆட்டம் இது. நம் மாணவர் இதைப் போட்டியில் ஆட வேண்டும் என்று யாம் சொல்ல வரவில்லை. நிதானமாகத் தற்காக்கத் தெரிந்த எதிராளியிடம் இது ஆபத்தாகவே முடியும். ஆனால் அவ்விருவரும் கையாண்ட முறையை நோக்குங்கள். சதுரங்கம் முழுவதையும் கற்க அவர்கள் முற்படவில்லை. ஒரு கிளையை எடுத்தார்கள். அதன் அடிவரை சென்றார்கள். கண்டதை எழுதி வைத்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத ஊரிலுள்ள மாணவனுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

அக்காலத்தில் நம் நாடுகளில் வீட்டுச் சதுரங்கத்தின் விதிகள் வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதல் நகர்விலும் சிப்பாய் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுவதற்குப் பதிலாக அரசன் ஒரேயொரு முறை குதிரையைப் போலத் தாவலாம். அந்த விதிகளில் ஊறியவர்கள் சிப்பாய்களை மெல்ல நகர்த்தி, மந்திரியை ஓரத்திலிருந்து மூலைக்கு மூலை நோக்கச் செய்வார்கள். (ஆங்கிலேயர் பிஷப் என்பதையே நாம் மந்திரி என்கிறோம்.) கல்கத்தாவில் 1850களில் ஜோன் கொக்ரேனுடன் ஆடிய மகேஷ் சந்திர பானர்ஜி, சர்வதேச விதிகளிலும் அந்தப் பாணியையே கைவிடாமல் ஆடினார். இன்று உலகெங்கும் "இந்தியன்" என்ற பெயர் தாங்கி நிற்கும் தற்காப்புகளுக்கு அப்பெயர் வந்தது அவருடைய ஆட்டங்களால்தான். கல்கத்தாவின் ஜோன் கொக்ரேன் வேறு, சென்னையின் ஜேம்ஸ் கொக்ரேன் வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டாம். தமக்குப் பழக்கமான நிலைகளுக்கு ஆட்டத்தை இழுத்து வந்தார் பானர்ஜி என்பதே நமக்கு முக்கியம்.

உள்நாட்டு விதிகள் 1960கள் வரையிலும் இந்தியாவில் பல இடங்களில் வழங்கின. சர்வதேச முறையைப் பரப்பி, தொடக்க ஆட்ட நூல்களைப் படிக்குமாறு இளைஞரைத் தூண்டியவர்களுள் முதன்மையானவர் மனுவேல் ஆரன். பர்மாவில் 1935இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர், 1961இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் ஆனார். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய வாகை சூடினார். 1962இல் ஸ்டொக்ஹோம் நகரில் நடந்த உலகத் தகுதிப் போட்டியில் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது. ஆயினும் அதே போட்டியில் போர்டிஷ், ஊல்மன் ஆகிய இரு பெரும் கிராண்ட்மாஸ்டர்களை அவர் வீழ்த்தினார். 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் அவர் நிறுவிய தால் சதுரங்கச் சங்கத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகினான்.

ஒரு கப்பற் தலைவனின் கண்டுபிடிப்பு

வெள்ளைக் காய்களுடன் ஆடுபவருக்கு யாம் முதலில் சொல்லக்கூடியது இத்தாலிய ஆட்டம். இருவரும் அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நடத்துகின்றனர். வெள்ளை அரசன் பக்கக் குதிரையை வெளியே கொணர்ந்து அந்தச் சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பு இராணிப் பக்கக் குதிரையால் அதைக் காக்கிறது. பின்னர் இரு தரப்பிலும் மந்திரிகள் வெளியே வந்து, எதிரியின் அரசன் பக்கத்தை நோக்கி நிற்கின்றன. இத்தனையும் ஆறேழு வயதுப் பிள்ளைக்கும் காரணத்தோடு விளக்கக்கூடியவை. நடுப்பலகையைப் பிடி, காய்களை வெளியே எடு, அரசனைப் பத்திரப்படுத்து என்ற மூன்று கட்டளைகளில் அடங்கிவிடும்.

இதற்குப் பின்னர்தான் கிளைகள் பிரிகின்றன. அவற்றுள் ஒன்று கடலோடு உறவுடையது. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ், அயர்லாந்துக்குத் தபால் கொண்டு செல்லும் கப்பலின் தலைவர். 1824ஆம் ஆண்டளவில் அவர் ஒரு புதிய யோசனையைக் கண்டார். நம் ஊரின் பெயரைத் தாங்கி 1817இல் பம்பாயில் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலும் அதே காலத்தது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. எவன்ஸின் யோசனை இதுதான்: இராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் கறுப்பு மந்திரியின் வாய்க்கு நேரே இரண்டு கட்டம் தள்ளிவிடுவது. மந்திரி அதை உண்டால், அடுத்த சிப்பாய் அம்மந்திரியைத் துரத்தும். அதன் துணையுடன் நடுப்பலகை முழுவதும் வெள்ளையின் வசமாகும். ஒரு சிப்பாயின் விலைக்கு இரண்டு, மூன்று நகர்வுகளின் நேரம் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருவீரர் பலர் இதை ஆடி மகிழ்ந்தனர். பின்னர், எடுத்த சிப்பாயைத் தக்க தருணத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டால் கறுப்புக்குத் தொல்லை இல்லை என்று லாஸ்கர் காட்டியதும் மவுசு குறைந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1995இல் ரீகா நகரில் கஸ்பரோவ் இந்தப் பழைய கப்பற் தலைவனின் ஆயுதத்தை எடுத்து, நம் ஆனந்தையே 25 நகர்வுகளில் தோற்கடித்தார்!

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஓராண்டு காலமேனும் எவன்ஸ் காம்பிட் ஆட வேண்டும் என்பது எமது துணிபு. அதனால் சில ஆட்டங்கள் தோற்கும்; தோற்கட்டும். காய்களின் எண்ணிக்கையைவிட அவை நிற்கும் இடம் பெரிது என்பதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல ஆசான் இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்து ஆறுதலாக ஆட விரும்பும் பெரியவர்களுக்கு அதே இத்தாலிய ஆட்டத்தின் மெதுவான கிளை பொருந்தும். அதில் பலி எதுவும் இல்லை. நடுச் சிப்பாய்க்குப் பின்னால் சிறிய சிப்பாய்களை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, கோட்டை கட்டி, இராணிப் பக்கக் குதிரையை இரண்டாம், முதலாம் வரிசைகள் வழியே சுற்றிக் கொண்டுவந்து அரசன் பக்கம் நிறுத்துவதே திட்டம். இன்று உலகின் முன்னணி வீரர்களும் இதை ஆடுகின்றனர். இதில் ஒரு நகர்வை முன்பின்னாகச் செய்தாலும் பெரும்பாலும் உடனே வீழ்ச்சி வராது. சங்க மட்டத்தில் ஆடுபவர் ஒரு கிளைவழியில் எதிர்பார்க்க வேண்டிய முதற் குணம் இதுவே என்று சொல்வோம்: மறந்து போனாலும் மன்னிக்க வேண்டும். நைடோர்ப் மன்னிக்காது.

சிசிலியன் தற்காப்பு எதிரே வந்தால் என் செய்வது? கறுப்பு, நடுச் சிப்பாய்க்கு நடுச் சிப்பாயால் விடை கூறாமல், மந்திரியின் முன்னுள்ள சிப்பாயைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு கட்டம் நடத்துவதே சிசிலியன். வழக்கமான திறந்த வழியில் வெள்ளை இறங்கினால், நைடோர்ப், டிராகன், ஸ்கெவனிங்கன், ஸ்வேஷ்னிகோவ் என்று எதிராளி தேர்ந்தெடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆயத்தமாக வேண்டும். எதிராளி ஒன்றைக் கற்றால் போதும். நாமோ நான்கைந்து கற்க வேண்டும். இந்தக் கணக்கு நமக்குக் கட்டுமா? ஆகவே ரஷ்ய வீரர் அலாபினின் பெயரால் வழங்கும் எளிய கிளையை யாம் பரிந்துரைப்போம். நாம் முன்னே கண்ட அந்தச் சிறுமி தள்ளிய சிப்பாய் அதுவே. இரண்டாம் நகர்வில், இராணிப் பக்க மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் வைத்து, அடுத்து நடுவில் இரண்டு சிப்பாய்களை அருகருகே நிறுத்த ஆயத்தமாவது. கறுப்புக்கு இதற்கு முக்கியமான எதிர்வினைகள் இரண்டே. ஒன்று, இராணியின் முன்னுள்ள சிப்பாயால் உடனே நடுவில் மோதுவது. மற்றது, குதிரையை வெளியே விட்டு வெள்ளைச் சிப்பாயைத் தாக்குவது. முன்னதற்குச் சிப்பாயை வெட்டி, வெட்ட வரும் இராணியைப் பொறுத்துக்கொண்டு நடுவைக் கட்டலாம். பின்னதற்குச் சிப்பாயை முன்னே தள்ளிக் குதிரையைத் துரத்தலாம். குறை ஒன்று உண்டு, அதையும் மறைக்கலாகாது: நம் குதிரை இயல்பாக வர வேண்டிய கட்டத்தைச் சிப்பாய் அடைத்துக்கொள்வதால், நடுவுக்கு வந்த கறுப்பு இராணியை உடனே விரட்ட இயலாது. இரண்டு விடைகளைக் கற்பதற்கு ஈடாக அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம்.

கறுப்புக் காய்கள் கிடைத்தபோது

கறுப்புக்கு வரும்போது எமது யோசனை சிக்கனத்தை முன்னிட்டது. அரசன் பக்கச் சிப்பாய்க்கு அதே சிப்பாயால் விடை கூறும் மாணவன், இத்தாலிய ஆட்டத்தை மறுபுறமிருந்தும் சந்திப்பான். வெள்ளைக்காகப் படித்தது கறுப்புக்கும் உதவும். ஒரு படிப்பு, இரு பயன். தன் எதிராளி எங்கே தடுமாறுவான் என்பதும் அவனுக்குத் தன் அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். வெள்ளை மந்திரி இன்னும் ஒரு கட்டம் முன்னேறிக் குதிரையைத் தாக்கும் ருய் லோபஸ் மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியது. அதற்குப் பேர்லின் தற்காப்பு உண்டு. 2000ஆம் ஆண்டு லண்டனில் கிரம்னிக் இதைக் கவசமாகக் கொண்டு கஸ்பரோவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். அதன் முக்கிய வழியில் இராணிகள் விரைவில் வெட்டுண்டு போகும். இராணியில்லாத ஆட்டம் சப்பென்று தோன்றும் பிள்ளைக்கு அது வேண்டாம். முடிவாட்டத்தில் சுவை கண்டவர்க்கு அமிர்தம்.

இன்னும் பொறுமையுள்ளவர்க்குக் காரோ-கான் தற்காப்பு இருக்கிறது. மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் வைத்து, அதன் துணையுடன் நடுவில் மோதுவது இதன் கருத்து. பிரெஞ்சுத் தற்காப்பும் இதனைப் போன்றதே. ஆனால் பிரெஞ்சில் இராணிப் பக்க மந்திரி தன் சிப்பாய்களாலேயே சிறைப்பட்டு நெடுநேரம் கிடக்கும். காரோ-கானில் அதற்கு வெளியே வர வாசல் உண்டு. இராணிப் பக்கச் சிப்பாயால் வெள்ளை ஆரம்பித்தாலோ, பழைய மரபு வழியே போதும்: நடுவில் ஒரு சிப்பாய், அதற்குத் துணையாக இன்னொன்று, குதிரை, மந்திரி, கோட்டை.

லண்டன் சிஸ்டம் என்ற ஒன்று இப்போது பாடசாலை மாணவரிடையே பெருவழக்காக இருக்கிறது. எதிராளி என்ன ஆடினும் வெள்ளை ஏறத்தாழ ஒரே அமைப்பில் காய்களை வைக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. இதை இகழ்வாரும் உளர். 2023இல் அஸ்தானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் இதைக் கொண்டே நெப்போம்னியாச்சியை வென்றார். ஆகவே தாழ்ந்த ஆயுதம் என்பது பொருந்தாது. எனினும் உத்தியோகம் பார்க்கும் பெரியவர் அதை ஆடுவதற்கும், பத்து வயதுப் பிள்ளை ஆடுவதற்கும் பேதம் உண்டு. பெரியவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பிள்ளைக்கோ, எதிராளியின் நகர்வைப் பார்க்காமலே தன் நகர்வைச் செய்யும் சோம்பலைப் பழக்கிவிடுகிறது. ஆகையால் சிறுவர்க்கு அதைச் சில ஆண்டுகள் தள்ளி வைப்பதே நலம்.

கைப்பேசியிலுள்ள கணிப்பொறி ஆட்டக்காரனின் தீர்ப்பையும் அப்படியே கொள்ளலாகாது. ஒரு கிளைவழியில் வெள்ளைக்குச் சிறிது சாதகம் என்று அது ஓர் எண்ணைக் காட்டும். அந்தச் சாதகத்தைக் காப்பாற்ற அடுத்தடுத்து எட்டு நகர்வுகளில் ஒரே சரியான நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அது இயந்திரத்துக்குச் சாதகமேயன்றி நமக்கு அன்று. இருவருக்கும் சமம் என்று அது கூறும் நிலையில் நமக்குத் திட்டம் தெரிந்திருக்குமானால், அதுவே நமக்கு மேலானது.

தொடக்கத்தில் தோற்றவன் எல்லாவற்றையும் தோற்றவன் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு 2024இல் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லலாம். உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே சென்னையின் குகேஷ், வெள்ளைக் காய்களுடன் ஆடி, டிங் லிரெனின் பிரெஞ்சுத் தற்காப்பிடம் தோற்றார். பட்டத்தைத் தீர்மானித்ததோ பதினான்காவது ஆட்டம். டிசம்பர் 12ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்தில், சமநிலையில் முடியக்கூடிய கட்டத்தில், 55ஆவது நகர்வில் டிங் தமது கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுண்டு போயின. எஞ்சிய சிப்பாய்களின் ஆட்டத்தில் வெற்றி குகேஷுக்கு. பதினெட்டு வயதில் உலக வாகை! உலகத்து உச்சியிலேயே முடிவாட்டத்தின் ஒரு நகர்வு இவ்வளவு செய்யுமாயின், வாரத்தின் மூன்று மணி நேரத்தில் தொடக்கத்துக்கு ஒரு மணிக்கு மேல் கொடுக்கலாமா? மற்ற இரண்டும் முடிவாட்டத்துக்கும், தான் ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பதற்கும் போகட்டும்.

திரும்பப் பார்ப்பதற்கு ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். எந்த நகர்வில் நமக்குத் தெரிந்த வழி முடிந்தது, வழியை விட்டு முதலில் விலகியவர் யார், அப்போது நாம் என்ன நினைத்தோம் என்பவற்றை அன்றிரவே, இயந்திரத்தைத் திறப்பதற்கு முன், எழுதிவிட வேண்டும். இருபது ஆட்டங்கள் ஆனபின் பக்கங்களைப் புரட்டினால் கதை தானே வெளிப்படும். ஒரே கிளையில் ஒரே இடத்தில் ஆறு முறை தடுமாறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் படித்தால் போதும். தொடக்கத்தையே மாற்ற வேண்டியதில்லை. தோல்விகள் எல்லாம் முப்பதாவது நகர்வுக்குப் பின்னரே வந்திருந்தால் தொடக்கத்தின் மேல் பழி போடுவது அநியாயம். வழி தெரிந்தும், காய்கள் நல்ல இடங்களில் நின்றும், அடுத்து என்ன செய்வதென்று ஒவ்வொரு முறையும் தெரியாமல் திகைத்திருந்தால் மட்டும், அந்தக் கிளைவழி நம் சுபாவத்துக்கு ஒவ்வாதது என்று கொண்டு வேறொன்றைத் தேடலாம். அந்தத் தேடலையும் போட்டிக்கு முந்திய வாரத்தில் தொடங்காமல், பாடசாலை விடுமுறைக்கு ஒத்தி வைப்பது நல்லது.